லீக்ஸ் சமைக்கிறப்ப நம்ம வீட்டுல நடக்கற தப்புங்க

லீக்ஸ் நல்லால்ல, வழவழன்னு இருக்கு, நாரா இருக்கு, கடிச்சா மண்ணு நெறநெறங்குதுன்னு சொல்றவங்க நம்ம தாப்பா பக்கம் நிறைய பேரு இருக்காங்க. கேமரன் மலையிலேருந்து காய்கறி லோரி எறங்கி வர்ற ஊர்ல இருந்துக்கிட்டு லீக்ஸ ஒதுக்கி வெக்கிறது எனக்கு உண்மையிலயே மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா கோளாறு காயில இல்ல, சமைக்கிற விதத்துலதான். நமக்கெல்லாம் பெரட்டல் கை. எந்தக் காயா இருந்தாலும் குவாலிய நல்லா காய வெச்சு கடுகு, காஞ்ச மொளகா போட்டு பெரட்டி எறக்கிடுவோம், லீக்ஸுக்கு அது ஒத்தே வராது. அதுக்கு வேண்டியது சின்ன நெருப்பு, கொஞ்சூண்டு தண்ணி, ஒரு மூடி, அரைமணி நேரம், அவ்ளோதான்.

மொதல்ல பசார்லயே மாத்தி வாங்கிட்டு வந்துடறாங்க. வெங்காயத்தாளு எல உள்ள ஓட்டையா குழா மாதிரி இருக்கும், அது வேற. சீனப் புத்தாண்டு சமயத்துல நிறைய வர்ற பூண்டுத்தாளும் வேற, அது தண்டு ஒல்லியா இருக்கும், மோந்து பாத்தா பூண்டு வாசம், அத பெரிய நெருப்புல சட்டுனு பெரட்டறதுதான் சரி. லீக்ஸு தண்டு தடிமனா, வெள்ளையா, எல தட்டையா நடுவுல மடிஞ்சு விசிறியா விரிஞ்சு இருக்கும். ரொம்ப பெருசா பாத்து எடுக்காதீங்க, முத்தினதுல நடுவுல பூத்தண்டு கட்டையா நிக்கும், எவ்ளோ நேரம் வெச்சாலும் வேகாது. எல்லாம் ஒரே தடிமன்ல இருந்தா ஒண்ணா வெந்து வரும்.

மண்ணு விஷயத்த கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பாதி பேரு லீக்ஸ வெறுக்கறதே இதுனாலதான். தண்டு வெள்ளையா வரணும்னா வெயில் படக்கூடாது, அதுக்காக செடி வளர வளர தோட்டத்துல அடியில மண்ண அணைச்சுக்கிட்டே வருவாங்க. அந்த மண்ணு ஒவ்வொரு அடுக்குக்குள்ளயும் போயி உக்காந்துக்கும். முழுசா பைப்புல காட்டி கழுவினா வெளித்தோலு மட்டும்தான் சுத்தமாகும். வேர்முடிய மட்டும் சீவிட்டு, அடிக்கட்டைய வெட்டிப் போடாம அப்படியே விடுங்க, அடுக்கெல்லாம் கழண்டு போகாம புடிச்சுக்கறது அதுதான். அப்புறம் நீளவாக்குல ரெண்டா பொளந்து பாருங்க, வெள்ளை முடிஞ்சு பச்சை ஆரம்பிக்கிற எடத்துல பழுப்பா ஒரு கோடு ஓடும், அதான் மண்ணு. பெரிய பேசின்ல தண்ணி புடிச்சு, அடுக்கு அடுக்கா வெரலால விரிச்சு விட்டு அலசி, அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க. எடுக்கறப்ப லீக்ஸ கையால தூக்கி எடுக்கணும், பேசின சாய்ச்சு வடிகட்டினீங்கன்னா அடியில தங்கின மண்ணு திரும்பவும் காய் மேலயே வந்து விழும். தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் இன்னொரு வாட்டி, தேவைன்னா அதுக்கு மேலயும். அப்புறம் துணியில ஒத்தி ஈரத்த எடுங்க, ஈரத்தோட எண்ணெயில வெச்சா தெறிக்கும், நெறமும் புடிக்காது.

சின்னச் சின்னதா வட்டமா நறுக்கறதும் இந்த சமையலுக்கு ஆகாது, அது சூப்புக்கு சரி. இங்க பொளந்த தண்ட சட்டி அளவுக்கு ஏத்தாப்புல வெட்டிக்கங்க, கரும்பச்சை நுனி முரட்டு நாரு, அத தனியா எடுத்து வெச்சுடுங்க, வெளிறின பச்சை வரைக்கும் சமைக்கலாம்.

அடுத்தது நெருப்பு. லீக்ஸ்ல இனிப்பு இருக்கு, பெரிய நெருப்புல அது ஓரத்துல கருகி கசந்துடும், நடுவுல பச்சையாவே நிக்கும். மூணு நாலு தண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். மிதமான சூட்டுல வெட்டின பக்கம் கீழ இருக்கறாப்புல ஒரே அடுக்கா பரப்பி, மூணு நாலு நிமிஷம் தொடாதீங்க, கிண்டக் கிண்ட அடுக்கு பிரிஞ்சு போகும். லேசா பொன்னிறமானதும் தட்டின பூண்டு ரெண்டு பல்லு போடுங்க. பூண்ட மொதல்லயே போட்டா லீக்ஸு நெறம் வர்றதுக்குள்ள அது தீஞ்சிடும், சட்டி பூரா கசப்பு.

அப்புறம் தண்ணி. முங்கற அளவுக்கு ஊத்தறவங்கதான் வழவழன்னு இருக்குன்னு சொல்றவங்க, அது வெறும் அவிச்ச காய். தண்டு உயரத்துல மூணுல ஒரு பங்கு நின்னா போதும், சுமாரா அரை கப்பு, மூடி போட்டு ரொம்ப சின்ன நெருப்புல இருபதுலேருந்து இருபத்தஞ்சு நிமிஷம். நடுவுல ஒரு தடவ தொறந்து தண்ணி வத்தலையான்னு மட்டும் பாத்துக்கங்க.

ரொம்ப நேரம் வெச்சா சத்து போயிடும்னு பத்து நிமிஷத்துலயே எறக்கிடறாங்க, அப்ப பல்லுல நாரு இழுக்கத்தான் செய்யும். சூட்டுல விட்டமின் சி கொறையறது உண்மைதான், ஆனா நார்ச்சத்து எங்கயும் போகாது, தண்ணியில எறங்கற சத்தும் நாம கீழ ஊத்தாததுனால சட்டியிலயேதான் கெடக்கும். கத்தி முனைய அடிக்கட்டை பக்கம் குத்திப் பாருங்க, தடையே இல்லாம எறங்கணும். அதுக்கப்புறம் மூடிய எடுத்துட்டு மூணு நாலு நிமிஷம் வத்த விட்டா அந்த சாறு பளபளன்னு காய் மேல ஒட்டிக்கும், ருசி பூரா அதுலதான் இருக்கு.

உப்பு பத்தி கண்டிப்பா சொல்லணும். நம்ம ஆளுங்கள்ள பிரஷரு, இனிப்புநீரு இல்லாத வீடு கம்மி, ஆரோக்கியத்துக்குன்னு காய வாங்கி அதுல சூப்புக் கட்டி ஒண்ணு, கிச்சாப்புன்னு சொல்ற சோயா சாஸ் ரெண்டு கரண்டி, மேல அஜினோமோட்டோன்னு போட்டா என்ன பிரயோஜனம்? சூப்புக் கட்டியில கிட்டத்தட்ட பாதி உப்புதான். பெரியவங்களுக்கு ஒரு நாள் பூராவுக்குமே 5 கிராமுக்குக் கீழதான் உப்பு இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஒரு டீஸ்பூனுக்கு மேல வராது. இந்தச் சட்டிக்கு கால் டீஸ்பூன் உப்பு, மொளகுத்தூளு, போதும்லா. சாறு வத்தறப்ப உப்பும் கூடித் தெரியும், அதுனால கடைசியில ருசி பாத்து போடுங்க. கறித்தூளும் தேங்காப்பாலும் போட்டா லீக்ஸோட மெல்லிசான இனிப்பு காணாமலே போயிடும்.

எலுமிச்சம்பழம் புழிஞ்சா அருமையா இருக்கும், ஆனா அடுப்ப அணைச்சப்புறம்தான். வேகறப்பவே புளிப்பு சேந்தா காய் சீக்கிரம் மெத்துன்னு ஆகாது, பச்சையும் மங்கி பழுப்படிச்சுடும்.

லீக்ஸு, வெங்காயம், பூண்டு எல்லாத்துலயும் இனுலின்னு ஒரு நார்ச்சத்து இருக்கு, குடல்ல இருக்கற நல்ல கிருமிக்கு அது தீனி, ஆனா வயிறு சீக்கிரம் ஊதறவங்க கொஞ்சமா ஆரம்பிக்கட்டும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திர எடுக்கற பெரியவங்க வீட்டுல இருந்தா ஒரு நாள் நிறைய, ஒரு வாரம் ஒண்ணுமில்லன்னு குடுக்காதீங்க, இதுல விட்டமின் கே இருக்கு, அளவு ஒரே சீரா இருக்கணும், டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. மிச்சத்த நாய்க்கோ பூனைக்கோ வெக்கவே வெக்காதீங்க, வெங்காயக் குடும்பம் பூராவும் அதுங்க ரத்தத்துக்கு கெடுதல்.

எடுத்து வெச்ச பச்ச நுனிய நல்லா கழுவி ரசத்துக்கோ கோழி சூப்புக்கோ கொதிக்கிறப்ப போட்டு, எறக்கறப்ப எடுத்துடலாம். சமைச்சது மிஞ்சினா ஐஸ்பெட்டியில மூடி வெச்சு ரெண்டு மூணு நாளு சாப்பிடலாம், சூடு பண்ணணும்னு கூட இல்ல. பிரான்ஸ்ல வெந்த லீக்ஸ ஆற வெச்சு எண்ணெய், வினிகர், கடுகு விழுது கலந்து ஊத்திதான் சாப்பிடறாங்க, நம்ம வீட்டுல மறுநாள் மத்தியானம் சில்லுனு எடுத்து ரெண்டு சொட்டு எலுமிச்ச, கொஞ்சம் மொளகு தூவி, சுடுசோறு பருப்போட வெச்சுப் பாருங்க.