கேட் தேர்வின் அந்த 15 மார்க்: கணிதத் திறன் பகுதிக்குத் தயாராவது எப்படி?

கேட் (GATE) என்பது பொறியியல் முதுகலைப் படிப்புகளில் சேர எழுதும் தேர்வு. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க். எந்தப் பிரிவில் எழுதினாலும் அதில் பொதுத் திறன் பகுதி உண்டு. ஒரு மார்க் கேள்வி ஐந்து, இரண்டு மார்க் கேள்வி ஐந்து, ஆக 15 மார்க். ஆங்கிலம், தர்க்கம், வடிவங்கள் எல்லாம் இந்தப் பத்துக்குள் கலந்து வரும். கணக்கும் கணக்கை ஒட்டிய படங்களும் அதில் கணிசம்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் பயமே வராது. சதவீதம், விகிதம், அடுக்கு, மடக்கை, வரிசைமாற்றம், சேர்மானம், தொடர், பரப்பளவு, கன அளவு, சராசரி, நிகழ்தகவு, வரைபடங்களைப் படிப்பது, அவ்வளவுதான். பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்கு. அதனால்தான் பலர் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டு மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள். ஃபார்முலா தெரியாமல் இங்கே தோற்பவர்கள் குறைவு. கேள்வியில் வரும் சதவீதம் எதன் மேல், கேட்பது மொத்தமா மீதியா என்பதைப் பார்க்காமல் கணக்கில் இறங்குபவர்கள்தான் அதிகம். தயாரிப்பு முழுக்க இந்த ஓட்டையை அடைப்பதற்காகவே இருக்கட்டும்.

சதவீதத்தைப் பின்னமாகப் பாருங்கள்

முதல் வாரத்தில் வேறு எதையும் தொட வேண்டாம். 1/2 முதல் 1/12 வரை சதவீத மதிப்புகள் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். 1/6 என்றால் 16.67, 1/7 என்றால் 14.29, 1/8 என்றால் 12.5, 1/9 என்றால் 11.11, 1/11 என்றால் 9.09, 1/12 என்றால் 8.33. கூடவே 30 வரை வர்க்கம், 15 வரை கனம்.

தேர்வுத் திரையில் கால்குலேட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். அந்தக் கால்குலேட்டரை மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டித்தான் இயக்க வேண்டும், விசைப்பலகை உதவாது. 37-ஐ 24-ஆல் பெருக்க, தாளில் போடுவதே வேகம். மடக்கை, மூலம், நீண்ட தசமம் என்று வந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

பின்னம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். ஒரு பொருளின் விலை 25 சதவீதம் ஏறிவிட்டது. செலவு ஏறாமல் இருக்க, பயன்பாட்டை எவ்வளவு குறைக்க வேண்டும்? 25 என்ற ஆப்ஷன் கண்ணில் பட்டதும் கை அங்கே போகும். விலை நாலில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது, அதாவது 4 இருந்த இடத்தில் இப்போது 5. செலவு மாறக்கூடாது என்றால் பயன்பாடு 5-லிருந்து 4-க்கு இறங்க வேண்டும். குறைவு ஐந்தில் ஒரு பங்கு, 20 சதவீதம். ஏறும்போது அடிப்படை 4, இறங்கும்போது அடிப்படை 5. இந்த அடிப்படை மாறுவதுதான் சதவீதக் கணக்குகளில் வரும் பொறி. லாப நஷ்டம், தள்ளுபடி, கலவை, மக்கள்தொகை என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது இதுவேதான்.

சதவீதக் கணக்கு எதை எடுத்தாலும் தாளின் ஓரத்தில் "100 = எது?" என்று முதலில் எழுதுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் பிறகு எழுதாமலே மனசு கேட்கும்.

வேலை, வேகம்: பின்னத்தை முழு எண்ணாக்குங்கள்

கண்ணன் ஒரு வேலையை 12 நாளில் முடிப்பான், வேலன் 18 நாளில். இருவரும் 4 நாள் சேர்ந்து செய்த பிறகு கண்ணன் விலகுகிறான். மீதியை முடிக்க வேலனுக்கு இன்னும் எத்தனை நாள்?

1/12 கூட்டல் 1/18 என்று தொடங்கினால் இடையில் எங்காவது வழுக்கும். 12, 18 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 36. மொத்த வேலை 36 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணன் நாளுக்கு 3 அலகு, வேலன் 2. நாலு நாளில் 20 முடிந்தது, மீதி 16. வேலனுக்கு 8 நாள். பின்னமே வரவில்லை.

ஆனால் ஆப்ஷன்களில் 12 என்றும் ஒன்று நிற்கும். அது மொத்த நாள். கேள்வி "இன்னும்" என்று கேட்டதா, "மொத்தம்" என்று கேட்டதா? கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு மேலே போய்ப் படிக்கும் பழக்கம் இந்த ஒரு மார்க்கைக் காப்பாற்றும்.

வேகத்திலும் இதே வழி. போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், திரும்பும்போது 60. சராசரி 50 அல்ல. தூரத்தை 120 என்று வைத்தால் போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுக்க 48. குறைந்த வேகத்தில் அதிக நேரம் ஓடியதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. காரணம் புரிந்தவர்களுக்கு 50-க்கு மேல் உள்ள ஆப்ஷனைக் கணக்கே போடாமல் அடித்துவிட முடியும்.

மற்ற தலைப்புகளில் கால் இடறும் இடங்கள்

ஓர் எண்ணின் அடுக்கு எந்த இலக்கத்தில் முடியும் என்று கேட்கும் கேள்விகளில் 2, 3, 7, 8 நாலும் நாலு படியில் சுற்றிவரும். 2-க்கு அந்த வரிசை 2, 4, 8, 6. அடுக்கை 4-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். 2-இன் 100-ஆம் அடுக்கு என்றால் மீதி பூஜ்யம். இங்கே பலர் "பூஜ்ய அடுக்கு, எனவே 1" என்று எழுதிவிடுகிறார்கள். மீதி பூஜ்யம் என்றால் சுற்றின் கடைசி எண், அதாவது 6. இரட்டை எண்ணின் அடுக்கு ஒற்றைப்படையில் முடியவே முடியாது என்பதை நினைத்தாலே தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

நிகழ்தகவில், இரண்டு பகடைகளின் கூட்டல் 8 வர வாய்ப்பு 5/36. 2-6, 6-2, 3-5, 5-3, 4-4. 4-4 ஐ இரண்டு தரம் எண்ணினால் 6 வரும், வரிசையைக் கண்டுகொள்ளாவிட்டால் 3 வரும். இரண்டுக்குமே ஆப்ஷன் இருக்கும். "குறைந்தது ஒன்று" என்ற சொல் வந்தால் "ஒன்றுகூட இல்லை" என்பதைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழியுங்கள். நாணயத்தை மூன்று முறை சுண்டினால் குறைந்தது ஒரு தலை விழ 7/8.

அளவியலில் ஒரே ஒரு விதி நிறைய வேலை செய்யும். நீளம் ஒரு மடங்கில் கூடினால் பரப்பு அதன் வர்க்கத்திலும் கன அளவு அதன் கனத்திலும் கூடும். கோளத்தின் ஆரம் 10 சதவீதம் கூடினால் கன அளவு 1.331 மடங்கு, அதாவது 33.1 சதவீதம் கூடுதல். மூன்றில் நாலு, பை என்று எதையும் எழுத வேண்டியதில்லை.

வரைபடக் கேள்விகளுக்கு முன் அச்சைப் படியுங்கள்: அலகு ஆயிரத்திலா லட்சத்திலா, செங்குத்து அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்குகிறதா? 20 சதவீதம் 25 சதவீதமானால் வித்தியாசம் 5 புள்ளி, வளர்ச்சியோ 25 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிக அதிகம்.

காகித மடிப்புக் கேள்விகளை மனசுக்குள் மட்டும் பழகாதீர்கள். ஒரு தாளை எடுத்து மூன்று முறை பாதியாக மடித்து, மடிப்புக் கோட்டைத் தொடாமல் ஓர் ஓட்டை போடுங்கள். விரித்தால் எட்டு. கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு மடிப்பிலும் கண்ணாடிப் பிம்பம் வரைந்துகொண்டே விரிக்க வேண்டும். கையால் பத்து முறை செய்தவருக்குத் திரையில் பார்த்ததும் விடை பிடிபடும்.

தவறுக் குறிப்பேடு

முந்தைய ஆண்டுத் தாள்களும் விடைக்குறிப்புகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் பிரிவோடு நிறுத்திக்கொள்ளாமல் மற்ற பிரிவுகளின் தாள்களிலிருந்தும் பொதுத் திறன் பகுதியை எடுங்கள். வெவ்வேறு அமர்வுகளாகப் பார்த்து எடுத்தால் கேள்வி திரும்பாது. நாளுக்கு ஒரு தொகுதி, பத்துக் கேள்வி, 25 நிமிடம். மொத்தத் தேர்வில் ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம் வருகிறது, 15 மார்க்குக்கு 27. அதற்குள் முடிக்கப் பழகினால் பாடப் பகுதிக்கு நேரம் மிஞ்சும்.

தவறியதைக் குறிக்கும்போது "சில்லி மிஸ்டேக்" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் எதையும் திருத்தாது. "குறித்த விலையில் எடுக்க வேண்டிய தள்ளுபடியை அடக்க விலையில் எடுத்தேன்", "நிமிடத்தை மணியாக மாற்றவில்லை", "'மட்டும்' என்ற சொல்லைத் தவறவிட்டேன்" என்று செயலைக் குறிப்பிட்டு எழுதுங்கள். முப்பது தவறுகள் சேர்ந்ததும் வகை பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். அடுத்த இரண்டு வாரப் பயிற்சி அந்த வகைகளில் மட்டும்.

சரியாக வந்த கணக்கையும் விடாதீர்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது என்றால் அதுவும் குறிப்பேட்டில் ஏற வேண்டியதுதான்.

எதைத் தொடுவது, எதை விடுவது

நாலு ஆப்ஷனில் ஒன்று சரி என்ற வகைக் கேள்வியில் தவறுக்கு மார்க் குறையும்: ஒரு மார்க் கேள்விக்கு 1/3, இரண்டு மார்க் கேள்விக்கு 2/3. எண்ணை நாமே தட்டும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேல் சரியாக இருக்கக்கூடிய கேள்விக்கும் நெகட்டிவ் கிடையாது, அவற்றை வெறுமையாக விட வேண்டாம்.

குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரியில் பூஜ்யம்தான் வரும். ஓர் ஆப்ஷனை உறுதியாக நீக்கிவிட்டால் ஒரு மார்க் கேள்வியில் சராசரி 1/9, இரண்டை நீக்கினால் 1/3. இரண்டை நீக்க முடிந்தால் துணிந்து குறியுங்கள். ஒன்றைக்கூட நீக்க முடியவில்லை என்றால் விட்டு நகருங்கள்.

தேர்வு அறையில் எந்தப் பகுதியிலிருந்தும் தொடங்கலாம். பாடக் கேள்விகளில் மூளை களைத்த பிறகு இதற்கு வந்தால் "இன்னும்", "மட்டும்" போன்ற சொற்கள் கண்ணில் படாமல் போகும். அதனால் பலருக்கும் இதை முதலில் முடிப்பதே நல்லது. முதல் சுற்றில் இரண்டரை நிமிடத்தைத் தாண்டும் கேள்வியைக் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தரப்படும் தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் கேள்வி எண்ணை ஓரத்தில் எழுதிப் போட்டால், திரும்பி வரும்போது பாதியில் நின்ற இடத்திலிருந்தே தொடரலாம்.