இத்தாலிய சின்ஃபோனியாவைக் காதால் அடையாளம் காண்பது எப்படி?

மேற்கத்திய செவ்விசையைக் கேட்கத் தொடங்குபவர்களில் பலர் நேராக பீத்தோவனின் சிம்பொனிகளுக்குள் இறங்கி, அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் படைப்பில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்று தெரியாமல் பாதியிலேயே எழுந்துவிடுகிறார்கள். சிம்பொனி எந்த வடிவத்திலிருந்து வளர்ந்ததோ அந்தச் சின்ஃபோனியாவிலிருந்து தொடங்கினால் இந்தத் திணறல் இராது. பாட்டிலேயே கதை நடக்கும் நாடகமான ஓபராவின் இத்தாலிய அரங்குகளில், கதை தொடங்குவதற்கு முன் வாசிக்கப்பட்ட அந்த முன்னிசையைக் கேட்டு முடிக்கச் சில நிமிடங்களே போதும்.

படி 1: செயலியைச் சரிசெய்யுங்கள்

பாட்டுச் செயலியில் பாடல்களைக் கலைத்துப்போடும் ‘ஷஃபிள்’ வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். சின்ஃபோனியாவின் பகுதிகள் பெரும்பாலும் தனித்தனிப் பதிவுகளாகவே கிடைக்கும். அவற்றின் வரிசைதான் இங்கே பாடமே. இதைக் கவனிக்காமல் மெதுவான நடுப்பகுதியை முதலில் கேட்டுவிட்டு, அதை மெதுவாகத் தொடங்கும் பிரெஞ்சு பாணி என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னவன் நான்.

படி 2: வேகம், நிதானம், வேகம்

‘சின்ஃபோனியா’ என்ற சொல்லுக்குச் சேர்ந்தொலித்தல் என்பது பொருள். இத்தாலிய இசையமைப்பாளர் மொன்தெவெர்தி 1607-இல் மாந்துவா நகரில் அரங்கேற்றிய ‘ஓர்ஃபெயோ’ ஓபராவில் காட்சிகளுக்கு இடையே வரும் சிறிய கருவியிசைத் துண்டுகளுக்கும் இதே பெயர்தான். அச்சொல்லுக்கு உறுதியான ஓர் உருவம் கிடைத்தது, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நேப்பிள்ஸ் நகரில் ஓபராக்கள் எழுதிய அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாத்தியின் கையில்: விரைவான முதல் பகுதி, நிதானமான நடுப்பகுதி, நடனத் துள்ளலுடன் கூடிய விரைவான முடிவு.

அவருடைய ‘கிரிசெல்தா’ (1721) ஓபராவின் சின்ஃபோனியாவை மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். தட்டும் வேகம் எந்த இடத்தில் தளர்கிறது, எங்கே மீண்டும் பிடிக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்; மெட்டை நினைவில் வைக்க வேண்டியதில்லை.

படி 3: பெயரை நம்பாதீர்கள்

அடுத்து ஹாண்டலின் ‘மெசையா’வின் (1741) தொடக்க இசையைக் கேளுங்கள். அவர் அதற்கு இட்ட தலைப்பு ‘சின்ஃபனி’ என்பதே. ஆயினும் அது கனத்த நடையில், தத்தித் தத்தித் தொடங்கி, பின்னர் ஒரு குரலை, அதாவது ஒரு தனி மெட்டிழையை, மற்றொரு குரல் துரத்தும் விரைவான பகுதிக்குள் நுழைகிறது. இது பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லி நிலைநிறுத்திய பிரெஞ்சு முன்னிசையின் அமைப்பு. பாக், மூன்று குரல்களில் அமைந்த தம் 15 விசைப்பலகைத் துண்டுகளுக்கும் ‘சின்ஃபோனியா’ என்றே பெயரிட்டார். அவற்றுக்கும் ஓபரா அரங்குக்கும் தொடர்பில்லை.

படி 4: அரங்கை விட்டு வெளியே

மிலான் நகர இசையமைப்பாளர் சம்மார்த்தினி, எந்த ஓபராவுக்கும் முன்னிசையாக அல்லாமல், கச்சேரியில் தனியே வாசிப்பதற்கென்றே சின்ஃபோனியாக்களை 1730-களிலிருந்து எழுதினார். தொடக்கக் காலப் படைப்புகளில் பெரும்பாலும் தந்திக் கருவிகள் மட்டுமே உண்டு. என் கணிப்பில் சிம்பொனி வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான்: பின்னால் வரப்போகும் கதையை நம்பியிராத இசை, தன் கவனத்தைத் தானே சம்பாதிக்க வேண்டியதாயிற்று.

படி 5: எட்டு வயதுச் சிறுவனின் சிம்பொனி

இங்கே நிதானமாக உட்காருங்கள். 1764-இல் லண்டனில் மொத்ஸார்ட் எழுதிய முதல் சிம்பொனி (கே. 16; ‘கே.’ என்பது மொத்ஸார்ட் படைப்புகளின் பட்டியல் எண்) அப்படியே இத்தாலிய வார்ப்பு. மிலானில் சில காலம் பணியாற்றிவிட்டு லண்டனுக்கு வந்திருந்த, முன்பு சொன்ன பாக்கின் மகனான யோஹான் கிறிஸ்டியன் பாக்கிடமிருந்து அந்த நடையைச் சிறுவன் பிடித்துக்கொண்டான். முதல் மூன்று அளவுகளில் (தாளக் கட்டங்களில்) இசைக்குழு முழுவதும் ஒரே சுரவரிசையை உரக்க முழங்கும்; உடனே எட்டு அளவுகளுக்குச் சுரங்கள் நீண்டு, மெல்லத் தணியும். இதே முழக்கமும் தணிவும் இன்னொரு முறை வரும். பேச்சுச் சத்தம் நிறைந்த ஓர் அரங்கைக் கற்பனை செய்துகொண்டு கேட்டால், அந்த முழக்கத்தின் வேலை தானாகவே விளங்கும்.

நடுப்பகுதியில் ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகருவியை மட்டும் பின்தொடருங்கள். நம் வழக்கில் சொன்னால் ‘ச ரி ம க’ என்ற நான்கு நீண்ட சுரங்கள் அதில் ஒலிக்கும். லண்டன் நாட்களில் ஹார்னுக்கு நல்லதாக ஏதாவது கொடுக்கத் தனக்கு நினைவூட்டும்படி தம்பி கேட்டதாக அக்கா நானெர்ல் பின்னாளில் குறிப்பிட்டார். அதே நான்கு சுரங்கள் 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 1788-இல், அவருடைய கடைசி சிம்பொனியான ‘ஜுபிட்டர்’ படைப்பின் இறுதிப் பகுதியைத் தொடங்கிவைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

படி 6: நான்காவது பகுதி எங்கிருந்து வந்தது?

ஜெர்மன் நகரமான மான்ஹைமிலும் வியன்னாவிலும் இருந்த இசையமைப்பாளர்கள் நடுப்பகுதிக்கும் முடிவுக்கும் இடையே மினுவெட் என்னும் மூன்றெண்ணிக்கை நடனத்தைச் செருகியபோது சிம்பொனி நான்கு பகுதிகளாயிற்று. ஹைடனின் பிற்காலச் சிம்பொனி ஒன்றில் மூன்றாவது பகுதியை மட்டும் தாண்டிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பழைய எலும்புக்கூடு தெரியும்.

கடைசிப் பயிற்சியாக, மொத்ஸார்ட் 1779-இல் எழுதிய 32-ஆம் சிம்பொனியை (கே. 318) எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பகுதிகளுக்கு இடையே நிறுத்தம் கிடையாது. நிதானமான நடுப்பகுதி முடிந்ததும் முதல் பகுதியின் வேகமும் கருத்துகளும் திரும்பி வருகின்றன. அந்த இரண்டு திருப்பங்களும் எந்த நொடியில் நிகழ்கின்றன என்பதைத் திரையைப் பார்க்காமல், காதை மட்டும் நம்பி ஒரு தாளில் குறித்துவைத்து, பிறகு பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.