மோட்டார்ஹோமில் லித்தியம் பேட்டரியா? முதலில் ஆல்டர்னேட்டரைக் கவனியுங்கள்

மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) தங்கும் பகுதிக்கு மின்சாரம் தரும் ‘வீட்டுப் பேட்டரி’யாக இருக்கும் பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை வைத்து, இருக்கிற ரிலேயிலேயே (ஆல்டர்னேட்டரோடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) இணைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, அதனால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) எவ்வளவு கொடுத்தாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி ஐடிலில் நிற்கும்போது குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், காயில் கருகிப்போக அது போதும்.

தேவைக்கேற்ப வோல்டேஜைத் தானே மாற்றும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள புது வண்டிகளில் சிக்கல் நேர்மாறானது. ஸ்டார்ட்டர் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜ் 12.5 வரை இறங்கிவிடும், நாள் முழுக்க ஓட்டினாலும் வீட்டுப் பேட்டரி நிறையாது.

இரண்டுக்கும் ஒரே தீர்வு, டிசி-டிசி சார்ஜர். ஆல்டர்னேட்டருக்கும் வீட்டுப் பேட்டரிக்கும் நடுவில் நின்று, இழுக்கும் கரண்ட்டுக்கு வரம்பு வைக்கும், வோல்டேஜையும் தேவையான அளவுக்கு உயர்த்தும். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஆல்டர்னேட்டர் பக்கத்திலிருந்து 40 வரை இழுக்கலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போய்வரும் வழியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வீணாகும், 16-இல் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஒயர் அல்ல! ஸ்டார்ட்டர் பேட்டரி, வீட்டுப் பேட்டரி இரண்டுக்கும் பக்கத்திலேயே தனித்தனி ஃபியூஸ் போடுங்கள்.

அப்புறம், சோலார் கன்ட்ரோலரையும் மெயின்ஸ் சார்ஜரையும் லித்தியம் செட்டிங்குக்கு மாற்றுங்கள். பேட்டரிக்குள் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக்கூடாது, தானாகத் துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) உள்ளதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.