திருகோணமலைக்குப் போகிறீர்களா? பெரியம்மாவின் போனைத் தொடாதீர்கள்

ஊரிலுள்ள வயதானவர்களுக்கு வெளிநாட்டிலிருந்தே செயலியில் பலசரக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நீ ஊருக்குத்தானே போகிறாய், அம்மாவின் போனில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வா" என்று யாராவது கேட்டால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மறுத்துவிடுங்கள். என்னிடம் கேட்டவர் மெல்பேர்னில் இருக்கும் அண்ணா, பெரியம்மாவின் மூத்த மகன். அவருக்கு இல்லை என்று சொல்லி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

முதலில், ஆர்டர் கொடுத்த பத்து நிமிடத்தில் சாமான் வீட்டுக்கு வரும் என்ற கதையை மறந்துவிடுங்கள். வாடிக்கையாளர் நுழையாத சிறு களஞ்சியம் ஒன்று குடியிருப்புகளுக்கு நடுவே இருக்க வேண்டும். அதைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஓயாமல் ஆர்டர் கொடுக்கும் வீடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அப்போதுதான் கணக்குக் கட்டுப்படியாகும். சென்னையில் பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. லண்டனில் 2021 இல் ஊதா உடையோடு இறங்கிய கெட்டிர் என்ற இதே மாதிரிச் செயலி, 2024 இல் பிரிட்டனை விட்டே மூட்டை கட்டியது. லண்டனிலேயே கட்டுப்படியாகாதது திருகோணமலைப் பாலையூற்றில் கட்டுப்படியாகுமா? கொழும்பில் பிக்மீயிலும் ஊபர் ஈட்ஸிலும் சாமான் எடுத்துப் பழகிய மச்சான்மாரின் பேச்சை இங்கே அப்படியே நம்ப வேண்டாம். ஒருவர் கடைக்குள் நடந்து உங்கள் பட்டியலைப் பொறுக்கி எடுக்க, ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவான். ஒரு மணித்தியாலத்தில் வந்தால் நல்ல நாள்.

இனி என் வயிற்றெரிச்சல். செயலிக்கு உள்ளூர் இலக்கம் வேண்டும், ஓடிபி வர வேண்டும். பெரியம்மாவின் இலக்கமோ செத்துக் கிடந்தது. அவர் வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் பேசுகிறவர். காசு போடாமலே விட்டதில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். புதிய சிம் வாங்கினால் முடிந்தது என்றேன். "அது பெரியப்பாவின் இலக்கம் தம்பி. வங்கி, ஓய்வூதியம், கோயில் எல்லாவற்றிலும் அதுதான் கிடக்கிறது" என்றார் பெரியம்மா. பேச்சு அங்கேயே முடிந்தது.

இலக்கம் பெரியப்பாவின் பெயரில் இருந்ததால் நிறுவனத்தின் கிளைக்குப் போனோம். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், இரண்டு அடையாள அட்டைகளின் பிரதிகள் எல்லாம் கொடுத்தோம். மரணச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால் இருந்தது, அடையாள அட்டையில் பின்னால். இருவரும் ஒருவர்தான் என்று கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டுமாம். அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மறுநாள் கடிதத்தோடு போனால் கவுண்டரில் வேறொரு பிள்ளை. அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. "இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை?" பெறாமகன் என்றேன். "சொந்தப் பிள்ளைகள் இல்லையா?" மெல்பேர்ன், டொரொண்டோ என்று நான் சொல்லும்போது வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. படிவத்தில் இறந்த திகதியை என் கையால் எழுதினேன். அந்தச் செத்தவீட்டுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னவன் நான். பக்கத்துக் கதிரையில் பெரியம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

ஆகவே, சிம் உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்பதைப் புறப்படுமுன் கேட்டுவிடுங்கள். உயிரோடிருந்தால் மாதாமாதம் கொஞ்சம் காசு போட்டுவையுங்கள். அதை வெளிநாட்டிலிருந்தே செய்யலாம்.

இலக்கம் கிடைத்தது. அடுத்தது விலாசம். வரைபடத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வைத்த புள்ளி அடுத்த ஒழுங்கையில் போய் விழுந்தது. வீட்டு இலக்கத்தை நம்பாமல், எந்தக் கோயிலுக்குப் பின்னால், எந்த நிறப் படலை என்று தமிழிலேயே எழுதுங்கள். கோட்டைப் பக்கம் வீடு என்றால், படலையில் பையைத் தொங்கவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். நகருக்குள் திரியும் மான்களுக்குக் கீரை என்றால் போதும்.

பொடியன் வந்தான், கிண்ணியாக்காரன். வெயிலில் வந்த பிள்ளையைத் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்பமாட்டேன் என்று பெரியம்மா பிடித்துவைத்துக்கொண்டார். அவன் போனில் அடுத்த ஆர்டர் அலறிக்கொண்டிருந்தது. பையில் சிவப்புப் பச்சையரிசிக்குப் பதில் கீரி சம்பா. மாற்றுப் பொருள் வேண்டாம் என்பதைத் தெரிவுசெய்யும் இடம் செயலியில் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். பணத்தைப் பொருள் கைக்கு வந்தபின் காசாகக் கொடுப்பதே நல்லது. உங்கள் வெளிநாட்டு அட்டையின் ஓடிபி உங்கள் வெளிநாட்டு இலக்கத்துக்குத்தான் போகும்.

ஒழுங்கை முனைக் கடைக்காரரைக் கைவிடச் சொல்லாதீர்கள். அவருடைய கொப்பியில் பெரியம்மாவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அண்ணா மாதக் காசை அவருக்கே அனுப்பலாம் என்று சொன்னேன். அது பாதுகாப்பில்லையாம். இருபது வருடமாகக் கடன் கொடுத்த மனிதர்!

இதெல்லாம் தெரிந்தும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், ஆர்டர் போடுவதற்கு முன் ஊருக்கு ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள். நான் திரும்பிய பிறகு அண்ணா மெல்பேர்னிலிருந்து ஆசையாக அனுப்பிய முதல் பையில் கோழி இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெரியம்மா படலையைத் திறக்கவே இல்லை.