வாங்கிய கார் மக்கர் செய்தால்

ஒருவரிடம் நேரடியாக வாங்கிய பழைய டீசல் கார், ஒன்பதாம் நாள் பெருந்துறை தாண்டியதும் சூடேறியது. இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டதும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறியதும் ஆயில் மூடியைத் திருப்பிப் பாருங்கள். எனக்கு அதன் அடியில் தயிர் போல வெளுப்பாக ஒட்டியிருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம், அதாவது இன்ஜினின் மேல் பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்படி இருந்தால் மெதுவாகக்கூட ஓட்ட வேண்டாம். இழுவை வண்டி வைத்து டோவிங்தான்.

அப்புறம், விற்றவருக்குப் போன் செய்யுங்கள். சண்டைக்கு அல்ல. "அண்ணா, முன்னாடி எந்த மெக்கானிக்கிட்ட விட்டீங்க?" என்று கேட்டாலே பாதி விவரம் கிடைக்கும். அவர் பழுதுச் செலவில் ஏதாவது பகிர்ந்துகொள்ள முன்வந்தால் வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள்.

இரண்டு பட்டறைகளில் எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பணம் குறைவென்றால் பிரேக், டயர், ஸ்டீயரிங், இன்ஜின் கூலிங் முதலில். ஏசி, பெயின்ட் காத்திருக்கட்டும்.

தேய்மானப் பழுதுக்கு இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. ஆனாலும் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற, கார் கைமாறிய 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். பழுது பார்க்கும் அலைச்சலில் நான் அதைக் கிட்டத்தட்ட மறந்தே விட்டேன்.