ஹோட்டன் சமவெளிக்குப் போறீங்களா? பட்டிப்பொலயில் தங்குங்கள்

இலங்கை மலைநாட்டிலுள்ள தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியைப் பார்க்க எல்லோரும் நுவரெலியாவில் ரூம் போட்டுவிட்டு, விடிய நாலு மணிக்கே வேன் ஏறி முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூங்கி வழிந்துகொண்டு போவார்கள். அது தேவையே இல்லை. பக்கத்து ஊர்களான பட்டிப்பொலயிலோ ஒஹியாவிலோ ஒரு வீட்டில் அறை எடுத்தால் பூங்கா பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான், முதல் நாள் இரவே ஓட்டோ அண்ணன் ஒருவரிடம் வாடகையைப் பேசி, காத்திருந்து திரும்பக் கூட்டிவருவதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுங்கள். காலையில் பேரம் பேச நேரம் இருக்காது, ஏனென்றால் ஒன்பது, பத்து மணிக்குள் பூங்காவுக்குள் இருக்கும் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மூடுபனி மூடிவிடும், அப்புறம் அங்கே நின்று வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

குளிரைச் சும்மா நினைக்காதீர்கள். இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலதான், கிட்டத்தட்ட 1,890 மீட்டர். தை, மாசியில் புல்லில் உறைபனிகூட விழும். அறை பேசும்போதே சுடுதண்ணி உண்டா, கம்பளி எத்தனை என்று கேளுங்கள், கூச்சப்படாமல்.

சாப்பாட்டை இரவே சொல்லிவையுங்கள், விடியற்காலையில் கடை திறந்திருக்காது. ரொட்டியும் கட்டச்சம்பலும் (மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல்) கட்டித் தரச் சொன்னால் சந்தோஷமாகத் தருவார்கள், ஆனால் பொலித்தீனில் சுற்ற வேண்டாம், பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள். டப்பாவே நல்லது. மரை மான் கிட்டே வந்து நிற்கும், பாவமாய்ப் பார்க்கும், ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள்.