பார்த்தவர்கள் எத்தனை பேர், பெயர் சொல்லித் தேடியவர்கள் எத்தனை பேர்? இணையப் புகழில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ எடுத்த அரை நிமிடக் காணொளி ஒன்று மறுநாள் காலைக்குள் 3 லட்சம் பார்வைகளைத் தொட்டுவிட்டால், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு வாழ்த்துகளால் நிரம்பிவிடும். அந்த 3 லட்சத்தில் உங்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவர் இணையத்தில் உண்மையாகவே பிரபலமா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் எதுவுமே பதிவிடாத ஒரு வாரத்தில், உங்களைப் பின்தொடராத ஒருவர் உங்கள் பெயரைத் தட்டித் தேடுகிறாரா? தேடினால் பெயர் நின்றுவிட்டது. தளம் கொண்டுவந்து காட்டியதால் பார்த்தவர், அடுத்த காணொளிக்கு விரலைத் தள்ளியதுமே உங்களை மறந்துவிடுவார். கீழே வரும் தவறுகளில் பாதி, இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

எண்ணிக்கையை நம்பி ஏமாறுவது

2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. முடிந்து திரும்பவும் ஓடினால் இன்னொரு பார்வை. குறைந்தது இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் வருமானத்துக்கும் தகுதிக்கும் பழைய கணக்கையே யூடியூப் வைத்திருக்கிறது. அனலிட்டிக்ஸில் ‘எங்கேஜ்டு வியூஸ்’ என்று தனியாக இருப்பது அதுதான். எல்லாருக்கும் தெரியும் பெரிய எண்ணை வைத்து வருமானத்தைக் கணக்குப் போட்டால் மாதக் கடைசியில் ஏமாற்றம்தான்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. யூடியூப் பங்காளர் திட்டத்தில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வை, அல்லது கடந்த 90 நாட்களில் ஷார்ட்ஸில் 1 கோடி தகுதியான பார்வைகள் வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் சேரும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. வருடம் முழுக்க ஷார்ட்ஸ் மட்டும் போட்டுவிட்டு மணிக்கணக்கு ஏறவே இல்லை என்று குழம்புவதற்கு இதுதான் காரணம். எந்த வழியில் தகுதி பெறப்போகிறோம் என்பதை முதல் மாதமே முடிவு செய்யுங்கள். நீண்ட காணொளி என்றால் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு உங்களுக்கு, ஷார்ட்ஸ் என்றால் உங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடு. 8 நிமிடத்துக்குக் குறைந்த காணொளியின் நடுவில் விளம்பரம் வைக்க முடியாது. அதற்காக 5 நிமிட விஷயத்தை 8 நிமிடத்துக்கு இழுத்தால், பார்ப்பவர் பாதியிலேயே போய்விடுவார்.

பெயரைச் சோதிக்கும் வழி எளிது. யூடியூப் ஸ்டூடியோவில் அனலிட்டிக்ஸைத் திறந்து, பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பகுதிக்குப் போய், ‘யூடியூப் தேடல்’ என்பதைத் தட்டுங்கள். என்னென்ன சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் வரும். அதில் ‘மட்டன் வறுவல்’, ‘பத்துமலை தைப்பூசம்’ போன்றவை மட்டும் இருந்தால், உங்கள் தலைப்புக்குத் தேவை இருக்கிறது, உங்களுக்கு இன்னும் இல்லை. பட்டியலில் உங்கள் பெயரோ சேனல் பெயரோ ஏறத் தொடங்கும் மாதத்தைக் குறித்து வையுங்கள். ஒரு காணொளி வெடித்து ஓடிய நாளைவிட அது முக்கியமான நாள்.

நீலக் குறியும் இதே கதைதான். எக்ஸ் தளம் பழைய சரிபார்ப்புக் குறிகளை 2023 ஏப்ரலில் நீக்கியது. இப்போது அங்கேயும், மெட்டாவின் தளங்களிலும், மாதச் சந்தா கட்டி அதை வாங்கலாம். காசு கொடுத்து விக்கிப்பீடியாவில் பக்கம் எழுதச் சொல்வதும் வீண் செலவு. உங்களோடு தொடர்பில்லாத, நம்பகமான வெளியீடுகள் உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால்தான் அந்தக் கட்டுரை நிற்கும். இல்லையென்றால் நீக்கிவிடுவார்கள்.

யாருக்குத் தெரிந்த பெயர்?

மலேசியாவில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர். தமிழ்நாட்டின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அங்கே எடுபட வேண்டும் என்று சென்னைப் பேச்சையே முயன்று பேசுகிறவர்கள் உண்டு. இது பெரிய தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. “பசியாறியாச்சா?”, “ரெண்டு ரொட்டி சானாய் பொங்குஸ்” என்று பேசுகிற குரலில்தான் இங்குள்ளவர் தன்னை அடையாளம் காண்கிறார். அந்தக் குரல் அங்கிருப்பவருக்கும் புதிதாக இருக்கும். அதை மறைத்துவிட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவர்.

கணக்காகப் பார்த்தாலும் இதே முடிவுதான். விளம்பரம் தர வரும் உள்ளூர்க் கடை முதலில் கேட்பது பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையை என்று நினைக்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் கேட்பது, பார்வையாளர்கள் எந்த நாட்டில், எந்த நகரத்தில், எந்த வயதில் இருக்கிறார்கள் என்ற பக்கத்தின் திரைப்பதிவை. பார்ப்பவர்களில் 80 விழுக்காட்டினர் வெளிநாட்டில் என்றால், மஸ்ஜித் இந்தியா புடவைக் கடைக்கு 2 லட்சம் பேரால் ஒரு பயனும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் 8,000 பேர் பார்க்கும் கணக்குக்கு அந்த வேலை போய்விடும்.

நம் சமூகத்துக்கு வெளியிலும் பெயர் போக வேண்டுமென்றால் மொழியைத் தெளிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் பேராக், சுங்கை சிப்புட்டின் சுகு பவித்ரா தம்பதி தங்கள் சமையலை மலாயில் பேசிக் காட்டியதால்தான் நாடு முழுவதும் எல்லா இனத்தவரும் பார்த்தார்கள். தமிழிலேயே பேச விரும்பினால் மலாய், ஆங்கில வசன வரிகளைத் தனிக் கோப்பாக ஏற்றுங்கள். தானாக உருவாகும் வசனத்தை அப்படியே விடாதீர்கள். நம் பேச்சில் கலக்கும் மலாய்ச் சொற்களை அது சிதைத்துவிடும்.

பெயரின் எழுத்திலும் கவனம் தேவை. ழ, ஷ வரும் பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். டிக்டாக்கில் ஒன்று, இன்ஸ்டாகிராமில் ஒன்று, யூடியூபில் ஒன்று என்று இருந்தால் தேடுபவர் போலிக் கணக்கில் போய் நிற்பார். ஒரே எழுத்து, ஒரே படம் எல்லா இடத்திலும் இருக்கட்டும். சுயவிவரத்தில் தமிழ் எழுத்திலும் பெயரைச் சேருங்கள்.

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய கணக்குகள் எதையும் பார்க்காது. 50,000 பேர் பின்தொடரும் கணக்கில் 60 லைக் விழுவதை விளம்பரதாரர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார். தளங்களும் அவ்வப்போது போலிக் கணக்குகளைக் களையெடுக்கின்றன.

பாட்டு, விளம்பரம், பணம்

“15 விநாடிக்குள் சினிமாப் பாட்டு போட்டால் பிரச்சினை இல்லை” என்பது பொய். அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. யூடியூபில் கன்டென்ட் ஐடி (பிறர் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) உரிமைகோரல் வந்தால் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளி முடக்கப்படலாம். சேனலுக்கு ஆபத்தில்லை. காப்புரிமை ஸ்டிரைக், அதாவது உரிமையாளர் புகார் செய்து வரும் எச்சரிக்கை, வேறு. 90 நாட்களுக்குள் 3 வந்தால் சேனலே போகலாம். டிக்டாக்கில் தனிக் கணக்குக்குக் கிடைக்கும் பாட்டை, கடையின் விளம்பரக் காணொளிக்கும் போடலாம் என்று எண்ணுவதும் தவறு. வணிகப் பயன்பாட்டுக்குத் தனி இசைத் தொகுப்பு இருக்கிறது.

விளம்பரத்தில்தான் பெயர் சட்டென்று கெடுகிறது. முகம் வெளுக்கும் கிரீம் ஒன்றைத் தந்து 500 வெள்ளி தருகிறேன் என்பார்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அழகுப் பொருள் என்றால் ‘நாட்’ (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணும், பதிவு பெற்ற மருந்து என்றால் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தட்டி, வரும் பொருளின் பெயரும் நிறுவனமும் டப்பாவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இன்னொரு பொருளின் எண்ணை ஒட்டி விற்பவர்கள் உண்டு. பாதரசம் கலந்த கிரீம்கள் இப்படித்தான் கைக்கு வருகின்றன. மருந்துக்கோ மருத்துவச் சேவைக்கோ விளம்பரம் செய்ய மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒரு கஷாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு முன் அந்த ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் வேலையை விட்டுவிடுங்கள். இணையச் சூதாட்டத்துக்கு எந்த விலைக்கும் முகம் காட்டாதீர்கள். பணம் வாங்கிய பதிவில் ‘கட்டண விளம்பரம்’ என்ற குறியைப் போடுங்கள், மறைத்தால் உங்களை நம்பியவர்தான் முதலில் போவார்.

பணம் வரத் தொடங்கும் இடத்தில் மூன்று சிறு தடங்கல்கள். யூடியூப் வருமானம் வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்கு ஒரு பின் எண் கடிதம் தபாலில் வரும். கொண்டோவின் பிளாக், மாடி, வீட்டு எண் முழுதாக இல்லையென்றால் அது வந்து சேராது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். நிரப்பினால், மலேசியாவுக்கு அமெரிக்காவுடன் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வந்த பங்கில் மட்டும் 30 விழுக்காடு பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்த வருமானத்தில் 24 விழுக்காடு வரை போகும். பார்ப்பவர்கள் எல்லாரும் மலேசியா, தமிழ்நாடு என்றால் இது வெறும் கவனக்குறைவுக்கான தண்டம்.

இங்கே உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். தொழில் வருமானத்துக்கு ‘பி’ பாரம், கடைசி நாள் ஜூன் 30. பணத்துக்குப் பதிலாகக் கைப்பேசி, நகை, ஹோட்டல் அறை கிடைத்தாலும் அதன் மதிப்பு வருமானம்தான். ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருங்கள்.

கணக்கும் வீடும்

கணக்கு பறிபோகும் வழி பெரும்பாலும் ஒரே மாதிரி. விளம்பர ஒப்பந்தம் என்று ஒரு மின்னஞ்சல், கூடவே சுருக்கிய கோப்பு. திறந்தால், நீங்கள் உள்நுழைந்திருக்கும் உலாவியின் குக்கியையே (உள்நுழைவை நினைவில் வைக்கும் சிறு கோப்பு) திருடிவிடும். கடவுச்சொல்லும் ஓடிபியும் இருந்தும் பயனில்லை. அத்தகைய கோப்பைச் சேனல் கணக்கு திறந்திருக்கும் கணினியில் தொடவே தொடாதீர்கள். எடிட்டருக்குக் கடவுச்சொல்லைத் தராமல், ஸ்டூடியோவின் அனுமதிகள் பகுதியில் அவரைச் சேருங்கள். கணக்கோடு இணைத்த எண் பிரீபெய்ட் என்றால் டாப் அப் செய்ய மறக்காதீர்கள். காலாவதியான எண் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

வீட்டில் எடுக்கும் காணொளியை வெளியிடுவதற்கு முன் ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பார்சல் பிரித்துக் காட்டும் காணொளியில் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் பெயர், கைப்பேசி எண், முழு முகவரி மூன்றும் இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சீருடைச் சின்னம், கார் எண், கழுத்தில் தொங்கும் கொண்டோ அட்டை, பால்கனிக்குப் பின்னால் தெரியும் கட்டடம், இவற்றில் இரண்டு போதும் வீட்டைக் கண்டுபிடிக்க. தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்கு நிற்கிறேன் என்று நேரலை போட்டால் வீடு காலி என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

வசைக்குப் பதில் வசை என்று நேரலையில் இறங்குவது, எங்கள் பார்வையில், எல்லாவற்றிலும் கொடிய தவறு. பார்வை ஏறும், பார்ப்பவர்கள் அனுப்பும் காசுள்ள கிஃப்ட் விழும், அதனால்தான் பலர் அதைத் தொழிலாகவே செய்கிறார்கள். 2024 ஜூலையில் கோலாலம்பூரில் ஈஷா என்று அறியப்பட்ட நம் பெண் இணையப் பகடிவதைக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் தொடர்பான வழக்கில் ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அவர்மேல் குற்றம் சாட்டப்பட்ட பழைய சட்டப் பிரிவில் அதற்கு மேல் விதிக்கவே இடமில்லை. நாடே கொதித்தது. அதன்பின் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கென்றே புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் முகவரி, எண் போன்ற அடையாள விவரங்களைப் பரப்புவதும் இப்போது குற்றம். இனம், மதம், அரச பரம்பரை ஆகியவற்றைத் தொடும் பேச்சுக்குத் தனிச் சட்டங்களும் இருக்கின்றன. கோபத்தில் சொன்ன ஒரு வரியும் அதில் சிக்கும்.

உங்களை ஒருவர் துன்புறுத்தினால் பதில் போடாதீர்கள், உடனே தடுத்தும் விடாதீர்கள். முதலில் ஆதாரம். நேரலை என்றால் திரைப்பதிவு செய்யுங்கள், அது முடிந்ததும் காணாமல் போகும். பதிவு என்றால் பயனர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தக் கணக்கின் இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள், ஏனென்றால் பெயரை மாற்றிக்கொள்வார்கள். இரண்டு இடத்தில் சேமித்த பிறகு தடுங்கள், தளத்தில் புகார் செய்யுங்கள். பிறகு பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நகலை வாங்கி, அதன் எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளத்திலும் பதியுங்கள். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் ஒருவருக்காவது சொல்லி அழைத்துப் போங்கள். மனம் தாங்காத இரவுகளுக்கு, மனம்விட்டுப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 24 மணி நேரமும் 03-7627 2929 எண்ணில் பேசுகிறார்கள். அந்த எண்ணை உங்கள் சுயவிவரத்திலும் போட்டு வைக்கலாம், உங்களைப் பார்ப்பவர்களில் யாருக்கோ தேவைப்படும்.